சக்கரம் நிக்கட்டும்

பதினாலு நம்பர் கேம்புக்கு எந்தச் சட்டமும் முழுசாக வந்து சேர்ந்ததில்லை. தீவின் பஜார் ஊரான ரங்கத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். காட்டு வழியிலேயே பாதி உதிர்ந்துவிடும். ஆனால் அன்பழகனின் நெல் மில்லில் இருந்த ஒரு சட்டத்தைத் தமிழாள், பெங்காலி, ராஞ்சிக்காரர் என்று அத்தனை பேரும் மதித்தார்கள். டீசலை மூடினாலும் இன்ஜின் உடனே நிற்காது. அதன் இரண்டு பக்கமும் இருந்த இரும்புச் சக்கரங்கள் தங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அரைத்து முடிந்ததென்று தவிட்டுக் கூடையை எடுக்கப் பெண்கள் முண்டுவார்கள். அன்பழகன் குறுக்கே வந்து வலது கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

"சக்கரம் நிக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிஷம் போல எல்லாரும் கூடையும் கையுமாக நிற்க வேண்டும். பஞ்சாயத்துப் பிரதானின் பெண்டாட்டி ஒருநாள் முறைத்துப் பார்த்தாள்; அவளும் நின்றுதான் போனாள். அன்பழகனுக்குக் காரணம் இருந்தது. சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்களைக் கச்சால் தீவில் ரப்பர் வேலைக்குக் குடிவைத்த காலத்தில், ரப்பர் ஷீட் போடுகிற உருளையில் அவருடைய அம்மாவுக்கு மூன்று விரல் போனது. சுற்றுகிற ஆள் கைப்பிடியை விட்ட பிறகு போன விரல்கள் அவை. "ஓடறப்ப எல்லாரும் பயப்புடுவாங்க. நின்னுருச்சுன்னு நெனைக்கிறப்பதான் அது கடிக்கும்" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் இப்போது மில்லை ஒட்டின அறையில் மூன்று தலையணைகளில் சாய்ந்து, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் தின்ற உமித்தூசி நெஞ்சில் கட்டிக்கொண்டது என்று போர்ட் பிளேரில் படம் எடுத்துக் காட்டினார்கள். எட்டு மாதமாக ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் இருந்தால் மெஷின், மெஷின் இருந்தால் அவர். போர்ட் பிளேரை ஒட்டிக் கராச்சர்மாவில் வாடகைக்கு இருக்கும் மகள் ப்ரியங்கா, "அப்பா, இங்க வந்துருங்கப்பா, ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு" என்று கெஞ்சிப் பார்த்தாள். "மில்ல யாரு பாக்குறது?" என்றார். மில் ஓடி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிடிவாதத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்கள்?

முந்தின நாள் காலை பத்து மணிக்குப் புயல் கரண்டை எடுத்தது. இன்வெர்ட்டர் சாயங்காலம் வரை தாங்கியது. பிறகு அவசரத்துக்கென்று வைத்திருந்த ஒரே சிலிண்டர். விடிந்ததும் அவருடைய மனைவி ஜெயராணி அதன் முள்ளைப் பார்த்தாள். சிவப்புக்கு மேலே ஒரு விரல் அகலம் இருந்தது. திருகைக் குறைத்துக் குறைத்து ஒன்றில் வைத்திருந்தாள். அதற்குக் கீழே குறைத்தால் அவருடைய உதடு கறுத்தது. எப்படிப் பார்த்தாலும் மத்தியானம் இரண்டு மணியைத் தாண்டாது.

அவள் செய்யாதது ஒன்றுமில்லை. போன் டவர் செத்துக் கிடந்தது. ரோட்டில் மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்து வீட்டு பிஸ்வாஸின் மருமகன் சிலிண்டர் கேட்டு ரங்கத்துக்கு நடந்தே போயிருந்தான். அவன் திரும்பி வர நாளைக்கு ஆகும். கேம்பில் இருந்த ஒரே ஜெனரேட்டர் மளிகைக் கடைக்காரருடையது. அது ரிப்பேருக்குப் போய்ப் பத்து நாள். டுங்கிப் படகில் ஏற்றிக் கடல் வழியாகக் கொண்டுபோகலாமென்றால், ஜெயராணியின் தம்பி குணா கடல் கழியான கிரீக்கின் வாய் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தென்ன மரம் ஒசரத்துக்கு அடிக்குதுக்கா. போனா எல்லாரும் ஒண்ணாப் போயிருவோம்" என்றான்.

மிச்சம் இருந்தது மில் இன்ஜின். அதோடு பெல்ட் போட்ட ஒரு டைனமோவும் உண்டு. கேம்பில் கல்யாணம் என்றால், அம்மனுக்குக் கஞ்சி ஊற்றினால், அதுதான் முன்பெல்லாம் வெளிச்சம் கொடுத்தது.

"பத்து லிட்டர் டீசல் இருக்கு மச்சான். ஓட்டிப் பாத்துருவோம்," என்றான் குணா.

அன்பழகன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். "ஒத்தச் சக்கரம்டா," என்றார். மூச்சை இழுத்தார். "ஒதைக்கும்."

ஆமாம், இன்ஜினுக்கு இப்போது ஒரே சக்கரம்தான். மற்றது கிரீக்கின் அடியில் கிடந்தது.

அந்தக் கதை இப்படி. இங்கே கிரீக்கில் டுங்கியை நிறுத்த யாரும் நங்கூரம் வாங்குவதில்லை. சேற்றில் நங்கூரம் பிடிக்காது. வெண்ணெயில் கத்தி போவது போல வந்துவிடும். அதனால் கனமான பழைய இரும்பு எது கிடைத்தாலும் சேற்றில் முழுகப் போட்டுக் கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள். ஒருத்தன் லாரி டிரம் போட்டிருப்பான், ஒருத்தன் ரோலர் துண்டு. இரண்டு வருஷம் முன்னால் குணா டுங்கி வாங்கிக் கனத்துக்கு அலைந்தபோது, அன்பழகன் தானாகவே ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தைக் கழற்றினார். "ஓடாத இன்ஜினுக்கு ரெண்டு சக்கரம் எதுக்கு? கொண்டு போடா."

"இருக்கட்டுங்க. என்னைக்காச்சும் வேணும்னா?" என்றாள் ஜெயராணி அன்றைக்கு.

"பிஜ்லி கரண்டு வந்தாச்சு, கேம்ப் பூரா மிக்ஸி கிரைண்டர் வந்தாச்சு. நீ சும்மா இரு."

சொந்தக் காசிலேயே சூனியம் வைத்துக்கொள்வது என்றால் அதுதான்.

ஆனாலும் வேறு வழியில்லாமல் ஒற்றைச் சக்கரத்தோடு முயன்று பார்த்தார்கள். பிஸ்வாஸ் இன்ஜின் தலையில் இருந்த லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். லிவர் தூக்கியிருக்கும் வரை உள்ளே காற்று அடைபடாது, சக்கரம் லேசாகச் சுற்றும். குணா கைப்பிடியைப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினான். "சோடோ!" என்று கத்தினான். பிஸ்வாஸ் லிவரைப் போட்டார். இன்ஜின் ஒருமுறை பெருமூச்சு விட்டது, பாதி ஏறியது, ஏற முடியாமல் வந்த வழியே திரும்பி உதைத்தது. கைப்பிடி குணாவின் மணிக்கட்டில் அடித்த சத்தம் அறை வரைக்கும் கேட்டது.

கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "சொன்னேன்ல."

ஜெயராணி தம்பியின் கையை இரண்டு பனம்பட்டைக்கு நடுவில் வைத்து, பழைய சேலைக் கிழிசலால் கட்டினாள். முடிச்சை வேண்டியதற்கு மேல் இறுக்கினாள். கோபமா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"பிஸ்டனுக்கு நாலு அடி ராணி," என்றார் அன்பழகன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு. "நாலு அடியில... இன்ஜினு ஒண்ணுதான் அடிக்கும். மத்த மூணும்... சக்கரம் இழுக்குது."

"பேசாதீங்க. மூச்ச வச்சிக்கங்க."

"கேளு. நீ சுத்துற சுத்தெல்லாம்... சக்கரம் வாங்கி வச்சிக்கும். லிவரப் போட்டா... வச்சதக் குடுக்கும். அந்தத் தம்முலதான்... காத்த அமுக்கி... மேல ஏறும். ஒத்தச் சக்கரம்... பாதிதான் வச்சிருக்கும். பாதியில... திரும்பிரும்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. முள் அரைக்கோடு இறங்கிவிட்டதைப் போல ஜெயராணிக்குத் தோன்றியது.

"இம்புட்டுத் தெரிஞ்ச மனுஷன் அன்னைக்கு ஏன் கழட்டிக் குடுத்தீங்க? அன்னைக்குத் தெரியாதா?"

"அன்னைக்கும் தெரியும்." கொஞ்ச நேரம் காற்றை இழுத்தார். "சும்மா நிக்கிறதப் பாக்கப் புடிக்கல."

ஜெயராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேற்று வாட்டின தேங்காய் ரொட்டியில் பாதியைப் பிளேன்டீயில் நனைத்துத் தம்பி வாயில் வைத்தாள், மீதியைத் தான் தின்றாள். "கிரீக்குல தண்ணி வத்தம் எத்தன மணிக்குடா?"

"பத்தரைக்கு."

"வா."

பத்தரை மணிக்குக் கிரீக்கில் தண்ணீர் வற்றிக் கண்டல் வேர்கள் விரல் விரலாக வெளியே தெரிந்தன. மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. குணாவின் டுங்கி கயிற்றை வெட்டி வெட்டி இழுத்தது. பிஸ்வாஸ் கரையில் நின்று ஓர் எண்ணெய் டின்னை டண்டாக் கம்பால் தட்டிக்கொண்டே இருந்தார். முதலைக்கு அந்தச் சத்தம் பிடிக்காது என்பது அவர் நம்பிக்கை. முதலையைக் கேட்டவர் யார்?

"டுங்கிய எங்கடா கட்டுவ?" என்றாள் ஜெயராணி.

"அந்தக் கண்டல் மரத்துல."

"இந்தக் காத்துல நிக்குமா?"

"நிக்காது," என்றான் குணா. இரண்டு வருஷம் சோறு போட்ட டுங்கியின் கயிற்றைப் பல்லால் கடித்து, ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்த்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அவள் சேலையைத் தார் பாய்ச்சிக்கொண்டு இறங்கினாள். சேறு முழங்காலைப் பிடித்தது, பிறகு தொடையை. மிச்சத் தண்ணீர் இடுப்புக்கு ஆடியது. காலாலேயே துழாவினாள். கயிறு போகும் வழியில் பாதம் வைத்து வைத்துப் போனபோது, சிப்பி கீறிச் சுரீரென்றது. அதுதான். குனிந்து, மூக்கு வரை தண்ணீரில் இருக்க, சக்கரத்தின் ஆரக்கால் வழியாகக் கரையிலிருந்து கொண்டுவந்த கயிற்றை நுழைத்தாள். அப்போது கண்டல் பக்கம் தண்ணீரில் ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது.

"பாபி! பானில, தண்ணில கண்ணு வை! ஜல்தி, ஜல்தி!" பிஸ்வாஸின் டின் சத்தம் இரட்டிப்பானது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் வராது என்று தெரியும். முடிச்சை இரண்டு முறை இறுக்கினாள். "இழுங்கடீ!" என்று கத்தினாள்.

கரையில் கேம்ப் பெண்கள் ஏழு பேர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அந்த மில்லில் கூடையோடு காத்து நின்றவர்கள்தான் எல்லாரும். சேறு விடமாட்டேன் என்றது. அவர்களும் விடவில்லை. எழுபது கிலோ இரும்பு ஒரு பெரிய ஏப்பத்தோடு சேற்றிலிருந்து கழன்று வந்தது. மூங்கிலைக் கோத்து, முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மில்லுக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். முள் சிவப்பின் ஓரத்தைத் தொட்டிருந்தது.

அன்பழகன் சக்கரத்தைத் தன் கண்ணில் காட்டச் சொன்னார். கதவுக்கு நேரே உருட்டிக் காட்டினார்கள். பார்த்தவுடனே முகம் சுளித்தார். "சிப்பி... பூரா எடு. ஒரு பக்கம் கனம் இருந்தாலும்... ஒதறும்."

உயிர் போகிற நேரத்திலும் மனுஷருக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும். வெட்டுக்கத்தியின் முதுகால் ஜெயராணி சிப்பியைக் கொத்தி எடுத்தாள். நடுத் துவாரத்தின் துருவை மணலும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தாள். கயிறு இழுத்த அலமு அக்காவும் பிஸ்வாஸின் பெண்டாட்டியும் மாற்றி மாற்றிக் கை கொடுத்தார்கள். பிறகுதான் குணாவுக்கு நினைவு வந்தது. "சாவி வேணுமே மச்சான்! சக்கரத்தத் தண்டுல இறுக்குற ஆப்பு. அது எங்க?"

"முருகன்," என்றார் அன்பழகன். "பின்னால."

கதிர்காம முருகன் படத்தின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் இருந்தது. உள்ளே விரல் நீள இரும்புத் துண்டு, கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, துருவின் வாசனையே இல்லாமல். ஜெயராணி அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தவர் இதை ஏன் வைத்துக்கொண்டார் என்று கேட்க நினைத்தாள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஒற்றைச் சக்கரத்துக்குப் பொட்டு வைத்தவர் அவர். கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

சக்கரத்தை ஏற்றி, ஆப்பை அடித்து இறுக்கியபோது ஒரு மணி தாண்டிவிட்டது. எல்லாரும் மில்லுக்குள் இருந்தார்கள். அவர் மட்டும் அறையில். அதுதான் அன்றைக்கு நடந்த தப்பு. பிறகு எத்தனையோ தரம் ஜெயராணி அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

குணாவுக்குக் கை இல்லை. பிஸ்வாஸுக்கு இடுப்பில் வலு இல்லை. சுற்றுவதற்கு ஜெயராணிதான். பிஸ்வாஸ் லிவரைப் பிடித்தார். முதல் நாலு சுற்று மலையைத் தள்ளுவது போல இருந்தது. பிறகு லேசாகிற மாதிரி இருந்தது. அதற்குள் பிஸ்வாஸ் பயந்துபோய் லிவரைப் போட்டுவிட்டார். இன்ஜின் ஏறப் பார்த்து, முக்கி, நின்றது. உதைக்கவில்லை, ஏறவும் இல்லை.

"தோடா பொறுங்க பிஸ்வாஸ் தாதா! நான் சொன்னாப் போடுங்க!"

இரண்டாம் முறை அவள் சொன்னாள். சரியான நேரம் எது என்று அவளுக்கே தெரியாது. புகை ஒன்று வந்து போனது. அவ்வளவுதான். அவள் கைப்பிடியின் மேலேயே குனிந்து வாயால் மூச்சு விட்டாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கடவுளே, இந்த ஒரு தரம், என்று வாய்விட்டே சொன்னாள்.

"கைய எடு தாதா."

எல்லாரும் திரும்பினார்கள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அன்பழகன் நின்றார். மூக்கில் குழாய் இல்லை. சிலிண்டர் குழாய் கட்டிலைத் தாண்டி நீளாது. பன்னிரண்டு அடி, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். நகமெல்லாம் நாவல்பழ நிறம்.

"ஏங்க! என்னாங்க இது? கொழாய எங்க? குணா, புடிடா!"

"சுத்து," என்றார். பிஸ்வாஸைத் தோளால் ஒதுக்கிவிட்டு லிவரில் கை வைத்தார்.

"ஐயோ, வாங்க உள்ள. உங்களுக்கு..."

"சுத்து ராணி. காது... பொறுக்கல."

திரும்பக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தால் அந்த முள் இன்னும் எவ்வளவு நேரம்? அதன் பிறகு இதை யார் ஓட்டுவார்கள்? ஜெயராணி உரிந்த கையால் கைப்பிடியைப் பிடித்தாள். பிறகு அவள் சுற்றினாள். அழுதுகொண்டே சுற்றினாள். மலை நகர்ந்தது. ஐந்து, ஆறு, ஏழு. சக்கரம் இரண்டும் அவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டே இருந்தன. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும்."

பத்து. பதினொன்று. இப்போது அவள் சுற்றவில்லை, சக்கரம்தான் அவள் கையை இழுத்துச் சுற்றியது. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது.

"இன்னும்..."

அவள் முடியவில்லை என்று வாயைத் திறந்த நேரம், அவர் லிவரைப் போட்டார்.

டுப். இரண்டு சக்கரமும் தம் பிடித்து ஏறிக் கடந்தன. டுப். டுப். டுப். கூரை வழியாகக் கறுப்புப் புகை போனது. கைப்பிடி தானாகக் கழன்று அவள் கைக்கு வந்தது. மேலே தூசி படிந்த பல்பு சிவந்தது, மஞ்சளானது, வெளுத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். குணா ஒற்றைக் கையோடு அறைக்கு ஓடி மெஷின் வயரைச் சொருகினான்.

அன்பழகன் நெல் நிறுக்கும் தராசுப் பலகையில் மெதுவாக உட்கார்ந்தார். சக்கரத்துக்கு அந்தப் பக்கம், சுவரோரம். பல்பைப் பார்த்தார்.

"ஆடல," என்றார். "பாத்தியா. ஆடவே இல்ல."

குணா மெஷினின் நீளக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். ஜெயராணி அதை அவர் மூக்கில் மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. குழாயில் காற்று உஸ்ஸென்று வந்தது. தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினாள். "இழுங்க. நல்லா இழுங்க. வந்துருச்சுங்க, பாருங்க." விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டினாள். அறுபத்திரண்டு என்று காட்டியது. பிறகு ஐம்பத்தெட்டு. பிறகு வெறும் கோடு.

கிளிப் சரியில்லை என்று அடுத்த விரலில் மாட்டினாள். கோடு. அதற்கடுத்த விரல். அவர் கை குளிர்ந்திருப்பதால் இருக்கும் என்று தேய்த்துவிட்டு மாட்டினாள். இடது கையைப் பிடித்தாள். பத்து விரலிலும் மாட்டிப் பார்த்தாள். பிறகு தன் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது.

அவருடைய கண் பல்பைப் பார்த்தபடியே இருந்தது.

பிஸ்வாஸ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் செத்த மூக்குக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஓடிவந்து, டுங்கி அறுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதிவிட்டது என்று வாசலில் நின்று சொன்னார்கள். குணா திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா," என்றான் கடைசியில். "நிறுத்திரவா?"

"நீ வுடு. நான் நிறுத்துறேன்."

எழுந்து, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, இன்ஜினைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து டீசலை மூடினாள். டுப் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் அதுவரை அடக்கிவைத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் வாயைத் திறந்து, மாரில் அடித்துக்கொண்டு, தராசுப் பலகையைப் பார்த்து ஓடிவந்தார்கள். அலமு அக்காவின் சேலைத் தலைப்பு தரையில் புரண்டு வந்தது.

ஜெயராணி குறுக்கே போய் வலது கையை நீட்டினாள்.

"சக்கரம் நிக்கட்டும்."

அவர்கள் நின்றார்கள். இரண்டு சக்கரமும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன, அவள் கொடுத்ததும் அவர் கொடுத்ததும் தீரும் வரைக்கும். பல்பு வெளுப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு. அறையில் மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தி அடங்கியது. ஆரக்கால்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. மழைச் சத்தம் கேட்டது. சக்கரம் கடைசியாக ஒருமுறை ஏறப் பார்த்து, முடியாமல் பின்னுக்கு வந்து, கொஞ்சம் ஆடி, நின்றது.

ஜெயராணி கையை இறக்கினாள்.